தோற்கிற பக்கத்து நாற்காலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அப்பாவுக்கும் மகனுக்கும் தகராறு கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் நண்பர் பார்த்துவிட்டார்.

"வாய்யா, நல்ல நேரத்துக்கு வந்தே. நீயே கேளு இவனை. மூணு நாளா அந்தப் பொட்டிக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கான். என்ன ஆட்டம்னு கேளு. தோக்கப்போற ஆட்டம்! நான் சொல்லலை, அவனே சொல்றான். தோக்கப்போறது தெரியுதில்ல? அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

பையன் பிளஸ் ஒன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஜெயிக்க முடியாது அங்கிள். ஆனா ஆட்டம் இன்னும் முடியலையே."

எட்டிப் பார்த்தேன். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. பர்மாவிலிருந்து பசிபிக் வரைக்கும் ஒரு வரைபடம். அதில் கோடுகள், அம்புகள், பொடிப்பொடியாக எண்கள். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’ என்று பெயர். ஸ்வீடனில் ஒரு கம்பெனி செய்கிற விளையாட்டு. 1936 ஜனவரி முதல் தேதி ஆரம்பிக்கும். ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அந்த நாட்டின் தொழிற்சாலை, எண்ணெய், ரப்பர், கப்பல், ரயில், ராணுவம், ஒப்பந்தம் எல்லாம் உங்கள் தலையில். ஒரு மத்திய அமைச்சரவை மொத்தமும் சேர்ந்து பார்க்கிற வேலையை ஒரு பிளஸ் ஒன் பையன் ஒற்றை ஆளாக மவுஸைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இவன் எடுத்தது ஜப்பான். ஆட்டத்தில் இப்போது 1944 ஜூன். எண்ணெய் வரவில்லை. சரக்குக் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடிக்கின்றன. தீவுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நாலைந்து இடத்தில் ஓட்டை, அடைக்க இருப்பது ஒரே ஒரு துணி.

நண்பர் என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டார். நான் பையன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு டிபன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அங்கே சரியாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நண்பர் படிப்பார். நீங்களும் படியுங்கள், ஏனென்றால் நண்பர் தனி ஆள் இல்லை. ‘அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி’ என்பதுதான் இன்றைக்கு நம் எல்லோருடைய கொள்கையும்.

இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்கலாம். ஒரு போரில் தோற்றால் போருக்கு முந்தைய நாளுக்குத் திரும்பிப் போகலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள் என்று பையனே சொன்னான். விளைவு என்ன? அவர்களுக்கு ஜெயிக்கிற ஆட்டம் மட்டுமே தெரியும். ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி இரண்டு மணி நேரம் போல போரடிக்கிற சமாசாரம் உலகத்தில் கிடையாது. ஆளும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது, எந்தப் பக்கம் அம்பு போட்டாலும் போகும். யோசிக்க வேண்டியதே இல்லை.

தோற்கிறவனுக்கு அப்படி இல்லை. எதை விட்டுக் கொடுப்பது? எதை முதலில் விடுவது? இருக்கிற எண்ணெயைக் கப்பலுக்கு ஊற்றுவதா, விமானத்துக்கு ஊற்றுவதா? ஒரு தீவில் இருக்கிற ஆட்களைக் காப்பாற்றப் போனால் இன்னொரு தீவு போகும், போகலாமா? ஒவ்வொரு கிளிக்கும் ஒரு கேள்வி. மூன்று நாள் அந்தப் பையன் வீணாக்கவில்லை சார். மூன்று நாள் பரீட்சை எழுதியிருக்கிறான்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மறக்கவில்லை. கணக்குப் பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள். வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எழுதாதே; வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கி வை. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு என்று ஒரு வரி எழுதாமல் எந்த பேலன்ஸ் ஷீட்டும் முடியாது. அதாவது, கடையைத் திறந்து கல்லாவில் உட்காரும்போதே, ‘இந்த ஆள் பணம் தரமாட்டான்’ என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட வேண்டும். அது அபசகுனம் இல்லை, கணக்கு.

வியாபாரத்தில் இதை ஒத்துக்கொள்கிற நாம், மற்ற எல்லா இடத்திலும் இதை அபசகுனமாக்கி வைத்திருக்கிறோம். ‘நல்லதே நினைப்போம்’ என்று ஆரம்பிக்கிற எந்தக் கூட்டத்திலும் நான் பயத்தோடுதான் உட்காருவேன்.

பையன் ஆடிக்கொண்டிருந்த அதே ஜப்பானின் கதையைக் கேளுங்கள். டோக்கியோவில் முழுப் போர் ஆய்வுக் கழகம் என்று ஒன்றை 1940ல் ஆரம்பித்தார்கள். அமைச்சகங்கள், ராணுவம், கம்பெனிகள் என்று பல இடங்களிலிருந்து முப்பத்துச் சொச்சம் இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 1941 கோடையில் அவர்களை ஒரு பொம்மை மந்திரிசபையாக உட்காரவைத்து, அமெரிக்காவோடு சண்டை வந்தால் என்ன ஆகும் என்று ஆடச் சொன்னார்கள். அவர்கள் ஆடினார்கள். எண்ணெய்க் கணக்குப் போட்டார்கள், கப்பல் கணக்குப் போட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் முடிவைச் சொன்னார்கள்: ஆரம்பத்தில் ஜெயிப்போம், போர் நீளும், கப்பல் தீரும், கடைசியில் ரஷ்யாவும் உள்ளே வரும், தோற்போம்.

நிஜத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ராணுவ மந்திரி டோஜோ. இதெல்லாம் மேசை மேல் போட்ட கணக்கு, நிஜப் போர் வேறு, ரஷ்யாவோடு மோதியபோதுகூட ஜெயிப்போம் என்று நினைத்தா மோதினோம் என்கிற பாணியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அக்டோபரில் அவரே பிரதமர். டிசம்பரில் பேர்ல் ஹார்பர்.

சரி, அது இளைஞர்கள் ஆடியது. பெரியவர்கள் எப்படி ஆடினார்கள்? 1942 மே மாதம். மிட்வே தாக்குதலுக்கு முன்னால் ‘யமாட்டோ’ போர்க்கப்பலில் ஒத்திகை. வரைபட மேசையில் அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன. நடுவர் பகடையை உருட்டுகிறார். ஜப்பானின் கப்பல்களில் ஒன்பது குண்டு விழுந்ததாக வருகிறது. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் காலி. அட்மிரல் உகாகி எழுந்து, ‘ஒன்பது இல்லை, மூன்று’ என்று திருத்துகிறார். அகாகி பிழைத்துக்கொண்டது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஒத்திகையில் தண்ணீரிலிருந்து எழுந்து வந்துவிட்டது! ஜப்பானியக் கடற்படையின் விமானப் பிரிவு அதிகாரிகளே போருக்குப் பிறகு இதைப் புத்தகத்தில் எழுதினார்கள்.

ஜூன் 4ம் தேதி நிஜ மிட்வே. அகாகி, காகா, சோரியூ, ஹிரியூ. நாலும் போயின. கடலில் பகடையைத் திருத்த உகாகியால் முடியவில்லை.

ஜப்பான்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது வருஷம் கழித்து, 2002ல் அமெரிக்கா ‘மில்லினியம் சேலஞ்ச்’ என்று ஒரு ஒத்திகை நடத்தியது. செலவு 25 கோடி டாலர். எதிரி நாட்டுப் பக்கம் ஆட பால் வான் ரைப்பர் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலைப் போட்டார்கள். தோற்பதற்கென்றே போட்ட ஆள். அவர் நிஜமாகவே ஆடிவிட்டார், அதுதான் தப்பு. ரேடியோவில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். சின்னச் சின்னப் படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவினார். ஒரு விமானந்தாங்கி உட்பட பதினாறு கப்பல்கள் கணக்கில் மூழ்கின. என்ன செய்தார்கள்? ஆட்டத்தை நிறுத்தி, கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டு, ‘நீங்க இனிமே இப்படி இப்படித்தான் ஆடணும்’ என்று அவருக்கு உத்தரவு போட்டார்கள். மனுஷர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என் நண்பர் தன் மகனிடம் சொன்னதும் இதுதான். மூழ்கிய கப்பலை மிதக்கவிடு. அழிச்சுட்டு ஆரம்பி.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு ஒத்திகை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் நடக்கும், பள்ளிக்கூடத்தில் நடக்கும், கலெக்டர் ஆபீஸில் நடக்கும். சைரன் ஊதும். எல்லோரும் வரிசையாக வெளியே வருவார்கள். ஆம்புலன்ஸ் வரும். அந்த ஆம்புலன்ஸ் ஒருநாளும் டிராஃபிக்கில் மாட்டியதில்லை. ஜெனரேட்டர் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. சாவி வைத்திருக்கிற ஆள் ஒருநாளும் லீவில் போனதில்லை. மறுநாள் பேப்பரில், ‘ஒத்திகை வெற்றிகரமாக நடைபெற்றது’. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: வெற்றிகரமாக நடந்த ஒத்திகையில் என்ன கற்றுக்கொண்டார்கள்?

பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் 1ம் தேதி என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் சாகும்வரை மறக்கமாட்டார்கள். ஏரி நிரம்பும் நிலை, மேலே மழை நிற்கவில்லை, அன்றிரவு விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றுக் கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில் விழித்தார்கள். 2018ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை இதை மனிதர்களால் வந்த பேரிடர் என்றது. யார் குற்றம் என்று ஆளாளுக்கு விவாதித்து முடித்துவிட்டோம், அதற்குள் நான் போகவில்லை. என் கேள்வி வேறு. ‘ஏரி நிரம்பிவிட்டது, மழை நிற்காது, இனி தடுக்க முடியாது’ என்ற இடத்திலிருந்து ஆட்டத்தை ஆரம்பித்து யாராவது மேசையில் ஆடிப் பார்த்திருந்தால், எந்தத் தெருவில் யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்திருக்காதா? வெள்ளம் வராமல் தடுப்பது எப்படி என்று ஆயிரம் திட்டம் போடுகிறோம். நல்லது. வந்தபிறகு ஆடுவது எப்படி? அந்த நாற்காலியில் உட்காருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உட்கார்ந்தால் ‘நெகட்டிவா பேசறார்’ என்று பெயர்.

1942 ஏப்ரலில் மெட்ராஸுக்கு இதே கதிதான். கொழும்பில் குண்டு, திருகோணமலையில் குண்டு, விசாகப்பட்டினத்தில் குண்டு. அடுத்தது மெட்ராஸ் என்று சர்க்காரே ஊரைக் காலி செய்யச் சொல்லி, ஆபீஸ்களையும் உள்மாவட்டங்களுக்கு அனுப்பியது. கூண்டிலிருந்து தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை கரையிறங்கவே இல்லை. தோல்வியை ஒருமுறைகூட நிதானமாக நினைத்துப் பார்க்காதவர்களுக்கு, அது எட்டிப் பார்த்தாலே கை நடுங்கும். பாவம், அந்தப் புலிகள்.

‘சரிப்பா, தோற்கிற ஆட்டத்தை விடாமல் ஆடு என்கிறாயே, அப்படி ஆடித்தானே லட்சக்கணக்கான பேர் செத்தார்கள்’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. பதில் சொல்லாமல் நழுவமாட்டேன்.

1944ல், பையனின் திரையில் இருந்த அதே பர்மா எல்லையில், நிஜத்தில் இரண்டு ஜெனரல்கள் இருந்தார்கள். ஒருவர் முட்டாகுச்சி. இம்பாலைப் பிடித்தே தீருவேன் என்று மார்ச்சில் மூன்று வாரச் சாப்பாட்டோடு படையை மலைக்குள் அனுப்பினார். மூன்று வாரம் முடிந்தது, இம்பால் விழவில்லை. மழை ஆரம்பித்தது. ஒரு மூட்டை அரிசி பின்னால் வரவில்லை. ஆனாலும் ‘முன்னேறு’ என்பதைத் தவிர வேறு உத்தரவு அவரிடமிருந்து வரவில்லை.

இன்னொருவர் சாட்டோ. கோஹிமாவைத் தாக்கப் போன டிவிஷனின் தலைவர். அரிசி கொடு, தோட்டா கொடு என்று கேட்டுக் கேட்டு, மே மாதக் கடைசியில் ஒரு முடிவெடுத்தார். மேலிடத்து உத்தரவை மீறித் தன் படையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தலைவர் அப்படிச் செய்வதென்றால் சும்மா இல்லை, கழுத்து போகிற காரியம். பதவியைப் பறித்தார்கள். ‘என்னை ராணுவ கோர்ட்டில் நிறுத்துங்கள், பேசுகிறேன்’ என்றார். பேசிவிடுவாரே! அதனால் மனநிலை சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி ஓரங்கட்டிவிட்டார்கள். முட்டாகுச்சியின் பிடிவாதத்தில் மாட்டியவர்கள் பசியிலும் மலேரியாவிலும் வழியெல்லாம் விழுந்தார்கள். அந்தப் பாதைக்கு எலும்புச் சாலை என்றே பெயர் வந்தது. மலேயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் தமிழர்களும் அந்தப் போரின் பின்வாங்கலில் நடந்தவர்கள்தான்.

இந்த இருவரில் தோற்கிற ஆட்டத்தை ஆடத் தெரிந்தவர் யார்? சாட்டோதான். முட்டாகுச்சி தோற்கிற ஆட்டத்தை ஆடவே இல்லை. கடைசிவரை ஜெயிக்கிற ஆட்டத்தைத்தான் ஆடினார், அது எப்போதோ முடிந்துபோயிருந்தும். பிடிவாதம் வேறு, ஆடுவது வேறு. தோற்கிறவனுக்குக் கேள்வி ‘எப்படி ஜெயிப்பது’ இல்லை. ‘இதில் எதை, யாரைக் காப்பாற்றலாம்?’ அந்தக் கேள்வியைச் சரியான நாளில் கேட்கத் தெரியாதவன்தான் ஆட்களை அழிக்கிறான். 2009ல் முள்ளிவாய்க்காலைப் பார்த்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதை எந்த மேசையிலும் வைத்து ஆட எனக்கு மனமும் இல்லை. நிஜத்தில் ‘அழிச்சுட்டு ஆரம்பி’ கிடையாது என்பதற்காகவாவது, பொம்மையில் ஒருமுறை கடைசிவரை தோற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

போர் வேண்டாம். பட்டறைக்கு வாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து ஷெட். இருவருக்கும் லேத், இருவருக்கும் ஜாப் ஒர்க். மின்வெட்டுக் காலத்தில், 2012 வாக்கில், இருவருக்கும் ஆர்டர் போய்விட்டது. ஒருவர், ‘அடுத்த மாசம் சரியாயிடும்’ என்று வட்டிக்கு மேல் வட்டி வாங்கி ஓட்டினார். ஒருநாள் ராத்திரி பூட்டுப் போட்டுக் கிளம்பியவர், அப்புறம் மஞ்சள் கடிதாசுதான் வந்தது. இன்னொருவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் எழுதினார். யாருக்கு எவ்வளவு தரணும், எந்த மெஷினை எந்த மாதம் விற்கணும், எந்தப் பையனை எந்த ஷெட்டில் சேர்த்துவிடணும். பதினாலு மாதம் ஆனது. பதினோரு பேருக்கும் கணக்கு முடித்து, வேலையும் பார்த்துக் கொடுத்து, கடைசி லேத்தை லாரியில் ஏற்றிவிட்டு ஷட்டரை இறக்கினார். இன்றைக்கும் எஸ்டேட்டில் அவர் நடந்து போனால் டீக்கடையில் எழுந்து நிற்கிறார்கள். இரண்டு பேருமே தோற்றவர்கள்தான். ஆனால் ஒரே மாதிரி தோற்றார்களா?

சில சமயம் ஆட்டம் திரும்பவும் செய்யும். நம் பக்கத்துப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். குகேஷ் பள்ளிக்கூடம் போனது மேல் அயனம்பாக்கத்தில், அம்பத்தூருக்குப் பக்கத்தில்தான். செஸ்ஸும் போர் விளையாட்டுத்தானே! யானை, தேர், குதிரை, காலாள் என்று நாற்படையை வைத்து நம் ஆட்கள் ஆரம்பித்ததுதான் சதுரங்கம். 2025 ஜூன் 1ம் தேதி, நார்வேயில் ஸ்டாவஞ்சர். எதிரே கார்ல்சன். முதல் சுற்றில் அவரிடம் தோற்றிருந்தார் குகேஷ். இந்த ஆறாவது சுற்றிலும் மணிக்கணக்காகத் தோற்கிற பக்கம்தான். வேறு ஆளாக இருந்தால் கை கொடுத்துவிட்டு ஹோட்டலுக்குப் போயிருப்பார். இவர் போகவில்லை. எதிராளிக்குத் தொல்லை தருகிற நகர்த்தல்களாகத் தேடித் தேடி ஆடினார். கார்ல்சனுக்குக் கடிகாரம் ஓடியது. 52வது நகர்த்தலில் குதிரையை வைத்து ஒரு செக் கொடுத்தார், அதுதான் தப்பு. ஆட்டம் தலைகீழ். கார்ல்சன் மேசையில் ஒரு குத்து விட்டதை உலகமே பார்த்தது.

எல்லோரும் அந்தக் குத்தைப் பார்த்தோம். அதற்கு முன்னால் இருந்த மணிக்கணக்கைப் பார்க்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தோற்க வேண்டிய ஆட்டம் என்று குகேஷே சொன்னார். எனக்கு அந்தத் தொண்ணூற்றொன்பதுதான் முக்கியம். தொண்ணூற்றொன்பது தடவை கடைசிவரை உட்கார்ந்து தோற்கத் தயாராக இருப்பவனுக்குத்தான் அந்த நூறாவது கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல கோச்சுகள் இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள்: ரிசைன் பண்ணாதே, செக்மேட் ஆகும்வரை உட்கார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிற அப்பா அம்மாக்கள் என்ன சொல்கிறார்கள்? ‘தோத்துட்டியா? இதுக்குத்தான் இவ்வளவு ஃபீஸ் கட்டறோமா? அடுத்த வருஷம் கீபோர்டு க்ளாஸ்ல சேர்த்துடறேன்.’ அழிச்சுட்டு ஆரம்பி.

இதில் உச்சம் பள்ளிக்கூடங்கள். எல்லாம் அல்ல, சில. ஆனால் அந்தச் சில எந்தெந்தப் பள்ளிகள் என்று அந்தந்த ஏரியாக்காரர்களுக்குத் தெரியும். 2017லேயே தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். நூறு சதவீத பேனர் நிற்கவில்லை. அந்த நூறு எப்படி வருகிறது? ஒன்பதாம் வகுப்பில் தட்டுத் தடுமாறுகிற பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, ‘உங்க பையனுக்கு எங்க சிலபஸ் தாங்காது சார், டி.சி. வாங்கிக்குங்க’ என்று அன்பாகச் சொல்லிவிட்டால் போதும். தோற்கப்போகிறவனை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டால் நூறு வராமல் எங்கே போகும்? உகாகி ஒன்பதை மூன்றாக்கினார். இவர்கள் நாற்பது பேரை முப்பத்தாறாக்குகிறார்கள். அவர் எடுத்தது பகடையில் விழுந்த குண்டு. இவர்கள் எடுப்பது பதினாலு வயதுப் பிள்ளை.

அந்த நாலு பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடம் முக்கியமாக வேண்டும். தொண்ணூற்றைந்து வாங்குகிறவனுக்கு நோட்ஸ் போதும். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் நிற்கிறவனுக்குத்தான் ஒரு வாத்தியார் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த இரண்டு பாடத்தை விடலாம், எந்த மூன்றைப் பிடிக்கலாம், இருக்கிற நாற்பது நாளை எப்படிப் பங்கு போடலாம் என்று கணக்குப் போட்டுத் தர வேண்டும். 1944ல் எண்ணெய் தீர்ந்துபோன ஜப்பானுக்கு அந்த ஆவடிப் பையன் போட்ட கணக்கும் இதேதான். அந்தக் கணக்குப் போடத் தெரிந்த வாத்தியார் ஊருக்கு நாலு பேர் இருந்தால், பேனருக்கு ஆகிற செலவு மிச்சம்.

ஃபெயில் ஆனால்கூட என்ன? முழுதாக எழுதி ஃபெயிலானவனுக்குத் தான் எங்கே விட்டோம் என்று தெரியும். ஜூலையில் துணைத்தேர்வு எழுதுவான். எழுதவே விடாமல் அனுப்பப்பட்டவனுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: நாம் ஆட்டத்திலேயே இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு நம்பர் குறைந்ததற்கு உயிரை விடுகிற பிள்ளைகளைப் பற்றி வருஷா வருஷம் கண்ணீர் விட்டு எழுதுகிறோம். தோற்பது எப்படி என்று அவர்களுக்கு யாராவது, எங்கேயாவது, ஒரு விளையாட்டிலாவது சொல்லிக் கொடுத்தோமா?

நண்பருக்கு இதுதான் சொல்ல வந்தேன். உங்கள் மகன் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததில் கண் கெட்டிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம். ஆனால் அழிக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பையனே போன் செய்தான். "தோத்துட்டேன் அங்கிள்" என்றான். குரலில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அமெரிக்கா இறங்கிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பர்மாவிலிருந்து மூணு டிவிஷனை முழுசா வெளிய கொண்டுவந்துட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படிக் கொண்டுவந்தேன்னு கேட்டார்."